செத்த மாமியார் மேல் மூன்று வழக்கு

ஜூன் 11

இது தாரணியின் பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு. பாதிக்கு மேல் வெறும் தாள். பழைய பேப்பர்காரனுக்குப் போட எடுத்து வைத்திருந்தாள். நான் எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கத்தினால் சின்னவள் நிலா பயந்து அழுகிறாள், பெரியவள் தாரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். பத்தாவது வரை படித்தவள்தானே நான், இனிமேல் இதில் கத்திக்கொள்கிறேன்.

இன்றைக்கு மீனவர் சங்கத்து ஆபீஸுக்குப் போனேன். தாரணிக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம், தங்க விடுதியும் உண்டு. அப்பாவோ அம்மாவோ கடலுக்குப் போகிறவர் என்று மீனவர் அட்டையைக் காட்டினால் போதும். ஜூலை ஐந்து கடைசி நாள். எங்கள் குடும்பத்துக்கு அட்டை வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. அவர் வேறு ஊரில் வேறு ஒருத்தியோடு இருக்கிறார். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அதனால் என் பேரில் ஒன்று கொடுங்கள் என்று கேட்கப் போனேன். செயலாளர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: “அட்டை கடலுக்குப் போறவங்களுக்குத்தான் தங்கச்சி.”

“நான் எங்கண்ணே போறேன்? கொளத்துக்கா?”

“பாசி பொறுக்குறதெல்லாம் கணக்குல வராது. கரையில கெடக்குறத அள்ளிட்டு வர்றது ஒரு தொழிலா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கரையில் கிடக்கிறதாம். பதினேழு வருஷம். விடிந்ததும் வல்லத்தில் ஏறி, தீவு ஓரத்தில் இறங்கி, பத்து விரலிலும் துணி சுற்றி, நீந்த வசதியாகக் காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பாறையிலிருந்து கடல்பாசியைப் பிய்த்து எடுக்கிறேன். சொறி மீன் பட்டு முகம் வீங்கி இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்திருக்கிறேன். நிலா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் இறங்கினேன். அந்தச் செயலாளருக்குத் தொப்புள் வரை தண்ணீர் வந்தால் போதும், அம்மாவைக் கூப்பிடுவார். அவரிடம் மீனவர் அட்டை இருக்கிறது.

ஜூன் 12

நிலாவுக்குப் பேன் பார்த்தேன். முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் செயலாளர் என்று நினைத்தே நசுக்கினேன்.

ஜூன் 15

மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் இருக்கும் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ். அவர் துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருக்கிறார். இளைக்கட்டும், எனக்கென்ன.

“அட்டையோட நகல் ஒண்ணு வேணும். புள்ள படிக்கணும்” என்றேன்.

“தர்றேன். நான் என்ன தரமாட்டேன்னா சொன்னேன்?” என்றார் நம்புக்குமார். இப்படித்தான் பேசுவார், தேன் தடவி. “நீயும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடு. நீயா விருப்பப்பட்டுத்தான் என்னைய விட்டுப் போனேன்னு. ஊர்க்கூட்டத்துல குடுத்தா ஊர்க் கணக்குல அவ பேரைச் சேத்துக்குவாங்க. எத்தனை நாளைக்குத்தான் அவளும் ஒதுங்கி நிப்பா, சொல்லு ராக்கு.”

“நானா போனேன்?”

“நீதானே பொட்டியத் தூக்கி வாசல்ல எறிஞ்ச? ஊரே பாத்துச்சே.”

பெட்டியை எறிந்தது உண்மைதான். அதற்குள் அவர் சட்டைதான் இருந்தது. அவர் அதற்கு எட்டு மாதம் முன்பே போய்விட்டார். ஊர் பெட்டியை மட்டும் பார்த்தது.

வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேனோ என்று இல்லை, இடுப்பு வலி.

அன்று எறிந்த பெட்டியிலிருந்து ஒரு முழுக்கைச் சட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குகிறேன். முழுக்கை இருந்தால் பாறை கிழிக்காது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 16

பேனா எழுதுகிறதா என்று பார்க்க இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது தடவை. பேனாவுக்காகத்தான்.

ஜூன் 19

மறுபடி சங்கத்துக்குப் போனேன். விடாமல் நின்றேன். செயலாளருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “சும்மா வாயால சொன்னா ஆச்சா? நீ கடலுக்குப் போறேன்னு அரசாங்கம் குடுத்த தாள் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கொண்டாந்து காட்டு. நாளைக்கே எழுதிர்றேன்” என்றார். என்னிடம் எங்கே இருக்கப் போகிறது என்ற தைரியம்.

எனக்குப் பொறி தட்டியது. இருக்கிறதே! ஓட்டமாக வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். வனத்துறை கொடுத்த அபராதச் சீட்டு மூன்று. தீவுப் பக்கம் போகக்கூடாது என்று சட்டம். போகாமல் பாசி வீட்டு முற்றத்திலா முளைக்கிறது? மூன்று தடவை மாட்டியிருக்கிறேன். மூன்று சீட்டிலும் முத்திரை, தேதி, ‘கடலில் பாசி எடுத்தபோது’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

“இதுல முத்திருளாயின்னுல போட்டிருக்கு. அது உன் மாமியார்க் கெழவியில்ல? செத்து ஆறு வருசம் ஆச்சே! வேணும்னா அந்தக் கெழவிக்கு ஒரு அட்டை போட்டுத் தரவா?”

மறந்தே போயிருந்தேன்.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம். வனத்துறைப் படகு வந்து மாட்டிக்கொண்டால் யாரும் சொந்தப் பேரைச் சொல்லமாட்டோம். செத்தவர்கள் பேரைச் சொல்வோம். அம்மாவோ, மாமியாரோ, பெரியம்மாவோ. செத்தவர்கள் மேல் வழக்குப் போட்டு யாரைப் பிடிப்பார்கள்? ஒவ்வொருத்திக்கும் இன்ன பேர் என்று முன்னாலேயே முடிவாகியிருக்கும். மாமியார் செத்ததிலிருந்து எனக்கு முத்திருளாயி. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். பதினேழு வருஷம் கடலில் கிடந்தவள் நான், கடலில் கிடந்ததற்குச் சாட்சி இருப்பது ஒரு நாளும் முழங்காலுக்கு மேல் நனையாத என் மாமியாருக்கு!

வீட்டுக்கு வந்து சீட்டை எல்லாம் திரும்பப் பெட்டியில் போட்டேன். கிழவி உயிரோடு இருக்கும்போதும் எனக்கு வரவேண்டியதெல்லாம் அவளுக்குத்தான் போகும்.

ஜூன் 20

வல்லத்தில் போகும்போது பஞ்சவர்ணம் அக்காவிடம் சொன்னேன். பாசிக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலை.

“அக்கா, இனி மாட்டுனா நான் என் பேரைத்தான் சொல்லப் போறேன்.”

துடுப்பை நிறுத்திவிட்டாள். “கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? ஒரு பேரு வெளிய போனா அதைப் புடிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவாய்ங்க. அப்புறம் வல்லம் யாருது, கூட வந்தது யாருன்னு எல்லாரையும் இழுப்பாய்ங்க. ஒம்புள்ள நர்ஸாக எங்க வயித்துல மண்ணா?”

“எம்புள்ளைக்கு வேற வழி சொல்லுக்கா.”

“புருசன்கிட்ட வாங்கு.”

கோபத்தில் இரண்டு மடங்கு பாசி எடுத்தேன். வலது பெருவிரலில் துணியோடு சேர்ந்து தோலும் போய்விட்டது.

ஜூன் 23

தாரணி ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று காலையில் போனவள் நாலு மணிக்குத்தான் வந்தாள். காலில் புதுச் செருப்பு. யாருடையது என்றால் சிநேகிதியுடையது, மாற்றிப் போட்டுக்கொண்டோம் என்கிறாள். கையில் ஒரு பையில் பாறை மீன் வேறு. சிநேகிதி வீட்டில் கொடுத்தார்களாம். ஜெராக்ஸ் கடையில் மீன் தருகிற காலம்.

மீன் நல்ல மீன். குழம்பு வைத்தேன். அவள் சாப்பிடவில்லை, தலைவலியாம்.

ஜூன் 26

கண்டுபிடித்துவிட்டேன்.

துணி துவைக்கப் பையைக் கவிழ்த்தபோது அவருடைய அட்டையின் நகல் விழுந்தது. மூன்று நாளாக அவள் பையிலேயே இருந்திருக்கிறது. செருப்பும் மீனும் வந்த வழி அப்போதுதான் புரிந்தது.

“அப்பாகிட்டப் போனியா?”

“ஆமா.”

“சும்மா குடுத்திருக்க மாட்டாரே. என்ன கேட்டாரு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உலுக்கினேன். அப்புறம் சொன்னாள்: “அவர் எழுதி வச்சிருந்த தாள்ல உன் கையெழுத்த நானே போட்டுக் குடுத்துட்டேன். இந்த நோட்டுல கடைசிப் பக்கத்துல பாத்துப் பழகிக்கிட்டேன்.”

அறைந்துவிட்டேன். பதினேழு வயசுப் பெண்ணை. அவள் அழவில்லை. “நீ எப்படியும் போடமாட்ட. யாராவது போடணும்ல?” என்றாள்.

அந்த நகலை எடுத்து நாலாகக் கிழித்து எட்டாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். பாதி உள்ளே விழுந்தது, பாதி வெளியே.

அப்போதுதான் அவள் அழுதாள். “உன் கோவத்துக்கு என் படிப்பாம்மா?”

குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் உப்பு இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 27

பசை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். போட்டோ இருந்த துண்டும் எண் இருந்த துண்டும் எரிந்துவிட்டன.

ஜூன் 28

அவர் ஊருக்கு மறுபடி போனேன். ஆமாம், போனேன். இந்த நோட்டைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். இப்போது தாரணி கையில் எட்டாத இடத்தில்தான் நோட்டை வைக்கிறேன்.

அவர் இல்லை. கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட்டாராம், அட்டையையும் எடுத்துக்கொண்டு. வர ஒரு மாதம் ஆகுமாம். சொன்னவள் அவள்தான். உள்ளே வாங்கக்கா, தண்ணி குடிங்க என்றாள். குடிக்கவில்லை. மூன்று வருஷமாக நான் மனதில் திட்டிக்கொண்டிருந்தவள் ஆறடி இருப்பாள். இவள் என் தோளுக்குத்தான் இருக்கிறாள், கையில் ஒரு குழந்தை.

கையெழுத்துப் போட்ட தாளை ஊர்த் தலைவரிடம் கொடுத்தும் விட்டார்களாம். அது பொய் என்று சொல்லப் போனால் பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லப் போவதில்லை. ஆக இனிமேல் ஊர்க் கணக்கில் புருஷனை விட்டு ஓடியவள் நான். இருந்துவிட்டுப் போகட்டும். இன்னும் ஏழு நாள்.

மாலையில் பஞ்சவர்ணம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். கெஞ்சவில்லை. “என்னைக் கொண்டுபோய்த் தீவுகிட்ட எறக்கி விட்டுட்டு நீங்க அங்கிட்டுப் போயிருங்க. நான் தனியா மாட்டிக்கிறேன்” என்றேன்.

அக்கா கேட்டாள்: “வல்லம் யாருதுன்னு கேட்டா?”

“நீந்தி வந்தேம்பேன்.”

“நாசமாப் போறவளே” என்றாள். அவள் சரி என்று சொல்வது அப்படித்தான்.

ஜூன் 29

விடிந்ததிலிருந்து பத்து மணி வரை கொக்குத்தீவு ஓரத்தில் நின்றேன். வனத்துறைப் படகு வரவில்லை. வேண்டாத நாளில் எல்லாம் வந்து பிராணனை வாங்குவார்கள்.

ஜூன் 30

இன்றும் வரவில்லை. சம்பளம் எதற்குத்தான் வாங்குகிறார்களோ! தாரணி என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியாது. சொன்னால் தடுப்பாள்.

ஜூலை 1

வந்தார்கள்.

எட்டு மணி இருக்கும். மோட்டார் சத்தம் கேட்டதும் தூரத்தில் பஞ்சவர்ணம் அக்காவின் வல்லம் நழுவிப் போவது தெரிந்தது. நான் கழுத்தளவு தண்ணீரில், பாசிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன்.

படகில் இரண்டு பேர். ஒருவர் காக்கிச் சட்டைக்காரர், நடுத்தர வயது. இன்னொருவர் படகோட்டி.

“ஏம்மா, ஓடலையா?” என்றார் காக்கிச் சட்டைக்காரர். அவருக்கே ஏமாற்றமாக இருந்திருக்கும்.

“ஓடல சார். கேஸ் எழுதுங்க.”

“பாசியக் கொட்டிட்டுக் கெளம்பு கெளம்பு. காலங்காத்தால.”

“கொட்டமாட்டேன். எழுதுங்க.”

அவர் படகோட்டியைப் பார்த்தார். படகோட்டி தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினான். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். “என்னைய ஏத்திக்கிட்டுப் போகாம இந்தப் படகு நகராது” என்றேன். ஏற்றிக்கொண்டார்கள். வேறு என்ன செய்வார்கள்?

கரையில் அவர்கள் கொட்டகையில் உட்கார வைத்தார். சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எப்பவும்போல முத்திருளாயின்னே போட்டுக்கவா?”

தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமும் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சுலபம், எங்களுக்கும் சுலபம்.

“அது எங்க மாமியா. செத்துப்போச்சு. எம்பேரு சேதுராக்கு. இந்தா ஆதார் கார்டு.” பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். “சீட்டு வேணாம். முழுசா கேஸ் எழுதுங்க. பேரு, ஊரு, தொழில் எல்லாம் இருக்கணும்.”

சிரிப்புப் போய்விட்டது. புத்தகத்தை மூடி வைத்தார். “இந்தாம்மா, இதை இப்படி எழுதுனா கோர்ட்டுக்குப் போகும். வாய்தாவுக்கு அலையணும். தெரியுமா?”

“அலையுறேன்.”

“எதுக்கும்மா?”

சொன்னேன். அட்டை, தாரணி, செயலாளர், கிழவி பேரில் இருக்கும் மூன்று சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. வெளியே நாய் எழுந்து போய்விட்டது. அவர் பெரிய தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். நல்ல கையெழுத்து. முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நான் வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. பேர் சரி. ஊர் சங்குமுனை, சரி. தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது.

“இது என்ன சார்?”

“லேடீஸ்னா அப்படித்தாம்மா போடுறது.”

“கழுத்தளவு தண்ணில நிக்கிறப்பப் புடிச்சீங்களே, அதுவா என் இல்லம்? அங்க எந்த அரசி நின்னா? அடிங்க சார் அதை!”

படகோட்டி வாயைப் பொத்திக்கொண்டான். அவர் அடித்தார். மேலே ‘கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் தொழில்’ என்று எழுதினார். அடித்த இடத்தில் தன் கையெழுத்தையும் போட்டு முத்திரை வைத்தார். எனக்கு ஒரு நகல் கொடுத்தார். பையையும் பாசியையும் பறிமுதல் செய்துகொண்டார். அதையும் எழுதச் சொன்னேன், எத்தனை கிலோ என்று.

ஜூலை 3

சங்கத்துக்கு மேலதிகாரி வருகிற நாள் என்று தெரிந்துகொண்டுதான் போனேன். பெண் அதிகாரி. செயலாளர் என்னை வாசலிலேயே மறித்தார். தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இது குத்தம் செஞ்சதுக்குக் குடுத்த தாள்ல?”

“நீங்க கேட்டது அரசாங்கத் தாள். குத்தமா நல்லதான்னு கேக்கல. தொழில்னு போட்டிருக்குல்ல, அதைச் சத்தமா வாசிங்கண்ணே.”

வாசிக்கவில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மாள் வாங்கி வாசித்தார். இரண்டு தடவை. செயலாளரிடம் கேட்டார்: “ஒரு அரசாங்க டிபார்ட்மெண்ட் இவங்களைக் கடல்ல வச்சுப் புடிச்சிருக்கு. நீங்க இவங்க கடலுக்கே போறதில்லைன்னு சொல்றீங்க. யார் சொல்றது பொய்?”

செயலாளர் பல் குத்துகிற குச்சியைத் தேடினார்.

“இதைக் காட்டி அட்டை வாங்குனா, நாளைக்குக் கோர்ட்டுல நான் செய்யலன்னு நீங்க சொல்ல முடியாதும்மா” என்றார் அதிகாரி என்னிடம்.

“சொல்லமாட்டேம்மா.”

அட்டை வர மூன்று மாதம் ஆகும். விண்ணப்பம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தார். சேர்க்கைக்கு அதுவே போதும் என்று போன் போட்டுக் கேட்டும் சொன்னார். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பதினேழு வருஷம் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டியதற்கு எதற்கு நன்றி என்று தோன்றியது. ஆனாலும் கும்பிட்டேன்.

வீட்டில் தாளைத் தாரணி முன்னால் வைத்தேன். கேஸ் தாளையும் வைத்தேன். இரண்டையும் வாசித்தாள். என் பெருவிரலை எடுத்துப் பார்த்துவிட்டு மஞ்சள் குழைக்கப் போனாள்.

ஜூலை 4

சேர்த்துவிட்டேன்.

காலேஜில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தாள்களைப் புரட்டி வந்து கேஸ் தாளில் நின்றார். என்னையும் பார்த்தார், அதையும் பார்த்தார். “இது எதுக்கும்மா இதோட?” எனக்குச் சுருக்கென்று ஏறியது. வாயைத் திறந்தேன். தாரணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எட்டு நாளாகப் பேசாதவள், அந்த ஹால் முழுக்கக் கேட்கப் பேசினாள்.

“எங்கம்மா கடலுக்குப் போறாங்க சார். அதுக்கு அத்தாட்சி.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாளைக் கோர்த்துக்கொண்டார்.

பஸ்ஸில் கேட்டாள்: “இன்னும் என் மேல கோவமாம்மா?” ஆமாம் என்றேன். கள்ளக் கையெழுத்துப் போட்டதை விட்டுவிட முடியுமா? அவளும் நான் அறைந்ததை மறக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் ஒரு பொட்டலம் கடலையைத் தின்று தீர்த்தோம்.

ஜூலை 6

வீட்டுக்குச் சம்மன் வந்துவிட்டது. கொண்டுவந்தவன் தெருமுனையிலிருந்தே “சேதுராக்கு யாரு, சேதுராக்கு யாரு” என்று கேட்டுக்கொண்டு வந்தான். பஞ்சவர்ணம் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். நிலா பயந்துபோய், “போலீஸாம்மா?” என்றாள். இல்லை, தபால் மாதிரி என்று சொல்லி வைத்தேன்.

இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டு. அன்று கடலுக்குப் போக முடியாது. இதை ஜெயித்தாலும் தோற்றாலும் தீவுப் பக்கம் போகத்தான் போகிறேன், வேறு எங்கே போவது? விசாரித்தேன். வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். மூன்றாவது தடவை வரை நிறைய பேர் ஒளிந்து நிற்பார்களாம்.

கூப்பிடட்டும். முதல் தடவையிலேயே எழுந்து நிற்பேன்.